ஊர் என்றால் யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'ஒரு நகரத்தை நாம் அறிந்துகொள்வது அதன் கட்டடங்களாலும் பொதுக்கலையாலுமா, அக்கம்பக்கத்து வாழ்க்கையாலா?' இதுதான் இன்றைய வழக்கு. அக்கம்பக்கத்து வாழ்க்கையால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "மனிதர்கள் வருவார்கள், போவார்கள்; கல் நிற்கும். நிற்பதை வைத்துத்தானே ஊரை அடையாளம் காண முடியும்?" என்று கேட்டார். அவை கைதட்டியது. அடையாளம் காணலாம், மறுக்கவில்லை. ஆனால் அடையாளம் காண்பது வேறு, அறிவது வேறு. ஒருவரின் முகத்தை நூறு பேர் நடுவில் கண்டுபிடித்துவிடலாம். அதனால் அவரைத் தெரியும் என்று சொல்லிவிட முடியுமா?

'ஊர்' என்ற நம் சொல்லையே பாருங்கள். 'ஊர் என்ன சொல்லும்?' என்று அஞ்சுகிறோம். 'ஊர் உறங்கிவிட்டது' என்கிறோம். சொல்வதும் உறங்குவதும் சுவர்களா? இடத்துக்கும் அதில் வாழ்கிறவர்களுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி இது. பகலில் கூடும் கடைவீதியை நாளங்காடி என்றும் இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொன்ன மொழியும் இதுதான். கூரையையும் தூணையும் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாவது சொல் தேவைப்பட்டிருக்காது.

சிகாகோவில் இருக்கும், சிற்பி அனிஷ் கபூரின் கண்ணாடிபோல் பளபளக்கும் எஃகுச் சிற்பத்தை எதிரணியினர் எடுத்துக்காட்டினார்கள். 168 தகடுகளை இணைப்பே தெரியாதபடி பொருத்தி, 2006-இல் முடிக்கப்பட்ட அற்புதம் அது. நானும் வியக்கிறேன். ஆனால் அதன் முன் போய் நிற்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? தங்களையும், தோளோடு தோள் நிற்கும் அந்நியர்களையும், பின்னால் வளைந்து தெரியும் நகரத்தையும். சிற்பி அதற்கு 'மேக வாசல்' என்று பெயர் வைத்தார். மக்கள் அதன் வடிவத்தைப் பார்த்து 'பீன்', அதாவது அவரை விதை, என்று அழைத்தார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

கட்டடக்கலைக்கு வருகிறேன். நியூயார்க்கின் சீக்ரம் கட்டடம் 1958-இல் எழுந்தது. கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் தலைசிறந்த ஆக்கங்களில் ஒன்று. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் 1970-களில் அந்த நகரத்தின் சிறு சதுக்கங்களில் கேமராவை வைத்து, யார் எங்கே எவ்வளவு நேரம் அமர்கிறார்கள் என்று பொறுமையாக எண்ணினார். அழகான சதுக்கங்கள் பல வெறிச்சோடிக் கிடந்தன. சீக்ரம் சதுக்கமோ நிரம்பி வழிந்தது. காரணம் அதன் உயரமோ வெண்கல நிறமோ அல்ல. உட்காருவதற்கு வாகாக விளிம்புகளும் படிகளும் அங்கே இருந்தன. அவை இருக்கைகளாகத் திட்டமிடப்பட்டவை அல்ல. உட்கார்ந்து உட்கார்ந்து அவற்றை இருக்கைகளாக ஆக்கியவர்கள் அந்தப் பக்கத்தில் வேலை செய்தவர்கள்.

அதே நகரத்தில் இன்னொரு சதுக்கம். 1981-இல் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி அங்கே 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட எஃகுச் சுவர் ஒன்றை நிறுத்தினார். பெயர், 'சாய்ந்த வில்'. சுற்றியிருந்த அரசு அலுவலகங்களின் ஊழியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை அகற்றக் கோரிக் கையெழுத்திட்டார்கள். 1985-இல் பொது விசாரணை நடந்தது. இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது: விசாரணையில் பேசிய 180 பேரில் 122 பேர் சிற்பம் இருக்கட்டும் என்றே சொன்னார்கள். அவர்களில் கலைஞர்களும் அருங்காட்சியகத்தாரும் நிறைய. இருந்தும் 1989-இல் ஓர் இரவில் அதைத் துண்டுகளாக வெட்டி எடுத்துச் சென்றார்கள். வெட்டியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஒரு கலைஞனின் படைப்புக்கு அந்த முடிவு நேர்ந்திருக்கக் கூடாது. ஆனால் நம் கேள்வி, அந்தச் சதுக்கத்தை அறிந்தவர் யார் என்பது. எந்த மூலையில் காலை வெயில் விழும், எந்த வழியில் போனால் நேரம் மிச்சம் என்பதெல்லாம் தினமும் அதைக் கடந்தவர்களின் கால்களுக்குத் தெரியும். சிற்பத்தை வைப்பதற்கு முன்பு அவர்களிடம் கேட்டிருந்தால், அதை வெட்ட வேண்டிய நிலையே வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

அடுத்து, எதிரணியினர் பெரிதும் நம்பியிருக்கும் சுவரோவியங்கள். கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் 'கொமுனா 13' என்ற மலைச்சரிவுக் குடியிருப்பு இருக்கிறது. 2011-இல் அங்கே திறந்தவெளி எஸ்கலேட்டர்கள் வந்தன. மொத்தம் 384 மீட்டர். வழியெங்கும் ஓவியங்கள். உலகம் முழுவதிலிருந்தும் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். அந்தச் சுவர்களில் எத்தனையோ வண்ணங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியும் வரையப்பட்டிருக்கிறது. வந்து போகிறவர்களுக்கு அது ஒரு நிறம். 2002 மே மாதம் படையினருக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் நடுவே சிக்கிக்கொண்ட அந்த மக்கள், துப்பாக்கிச் சூட்டை நிறுத்தச் சொல்லி வெள்ளைத் துணிகளை அசைத்தபடி தெருவில் இறங்கினார்கள் என்பதைச் சொல்ல, அங்கேயே வளர்ந்த ஒருவர் வேண்டும். அப்படி வளர்ந்த இளைஞர்கள்தான் இன்று பார்வையாளர்களை அழைத்துச் சென்று கதை சொல்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த இன்னொரு பெரிய படை நடவடிக்கையை ஒட்டிப் பலர் காணாமல் போனார்கள். மலை மேல் கட்டட இடிபாடுகள் கொட்டும் இடம் ஒன்று இருக்கிறது. 'எங்கள் பிள்ளைகள் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்' என்று தாய்மார்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவந்தார்கள். 2024 டிசம்பரில் அந்த இடத்தில் மனித எலும்புகள் கிடைத்தன. அடுத்த மாதமே நகரச் சுவர் ஒன்றில் 'தாய்மார்கள் சொன்னதே சரி' என்ற பொருள்பட எழுத்துகள் எழுந்தன. நகர நிர்வாகம் சாம்பல் நிறம் பூசி அழித்தது. மக்கள் திரும்ப எழுதினார்கள். நடுவர் அவர்களே, அது சில சொற்கள் எழுதிய ஒரு சுவர், அவ்வளவுதான். கலைத்திறன் என்று அளந்தால் எஸ்கலேட்டர் ஓரத்து ஓவியங்கள் அதைவிடப் பல மடங்கு உயர்ந்தவையாக இருக்கலாம். ஆனால் ஒரு நகரம் அழிக்கப் பார்த்தது அதை. திரும்ப எழுதியதும் அதைத்தான். அந்த எழுத்தின் எடை எங்கிருந்து வந்தது? பெயின்டிலிருந்து வரவில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முன்பின் தெரியாத நகரம் ஒன்றில் புகழ்பெற்ற சதுக்கத்தை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. பழைய குடியிருப்பு ஒன்றின் வாசலில் ஒதுங்கினேன். கதவின் மேல் இருந்த செதுக்கு வேலைப்பாட்டைப் பற்றி என் கையேட்டில் இரண்டு வரிகள் இருந்தன. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து வந்த மூதாட்டி என் தோளைத் தொட்டு, சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு கோட்டைக் காட்டினார். வெள்ளம் அதுவரை வந்ததாம். கோடு போட்டது அவருடைய கணவராம். மாடியில் இருந்த வீட்டில் மூன்று குடும்பங்கள் நான்கு நாள் ஒன்றாக இருந்ததை, பாதி சைகையிலும் பாதி எனக்குப் புரியாத மொழியிலும் சொன்னார். அந்த நகரத்தைப் பற்றி இன்றும் எனக்கு நினைவிருப்பது அந்தக் கோடுதான். செதுக்கு வேலைப்பாட்டில் என்ன இருந்தது என்பது மறந்துவிட்டது. அன்று முதல் புதிய ஊருக்குப் போனால் ஒரே தெருவில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை நடக்கிறேன். சிலைகளைப் பார்த்தால் எங்கே தேய்ந்து பளபளக்கிறது என்று தேடுகிறேன். வெண்கலம் காலப்போக்கில் கருத்துப்போகும். கைகள் ஓயாமல் தொடுகிற இடம் மட்டும் பொன்னாக மின்னும். சிலை சிற்பியுடையது. அந்த மினுக்கம் ஊருடையது.

மணி ஒலித்துவிட்டது, ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். ஜெர்மானியக் கலைஞர் குண்டர் டெம்னிக், 1992 முதல் நடைபாதைகளில் 'இடறுகற்கள்' பதித்துவருகிறார். பத்து சென்டிமீட்டர் அளவுள்ள சிறு கல். மேலே பித்தளைத் தகடு. நாஜிகளின் கொடுமைக்கு ஆளானவர்கள், தாங்களாக விரும்பிக் கடைசியாக வாழ்ந்த வீட்டின் வாசலில் அது இருக்கும். பெரும்பாலான கற்கள் 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கும்; பிறகு பெயர், பிறந்த ஆண்டு, நேர்ந்த கதி. 2023-க்குள் ஐரோப்பாவில் இவை ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டன. எதிரணியினர் இதைப் பொதுக்கலை என்று தங்கள் பக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். பித்தளை சில மாதங்களில் மங்கிவிடும். அப்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் துணியோடு வந்து, மண்டியிட்டு, தாங்கள் பார்த்தேயிராத ஒருவரின் பெயரைத் துடைக்கிறார்கள். தீர்ப்பு எழுதும் முன், அந்தத் துணி யார் கையில் இருக்கிறது என்று நடுவர் அவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.