பக்கம் திறந்தது, தண்ணீர் வந்ததா?

நேயர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் எங்கள் வீட்டில் காலைக் காபிக்கு முன்பே கேள்வி வந்துவிடும்: "தம்பி, மேட்டூர் எத்தனை அடி?" அப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடைமடையில் நிலம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது அவருக்கு மனப்பாடம். வேண்டியது அன்றைய நீர்மட்டமும், எத்தனை கன அடி திறந்துவிடுகிறார்கள் என்பதும்தான். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நான், இந்தத் தேடலை ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒப்படைத்தேன். முகவர் என்றதும் ஆயுள் காப்பீட்டுக்காரர் நினைவுக்கு வர வேண்டாம். சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்து முடிக்கும் நிரல் அது.

முதல் நாள் அது இணையப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது தலைப்பும் முகவரியும் மட்டும். அட்டவணை இருக்க வேண்டிய இடம் காலி. இன்றைய பக்கங்கள் பலவற்றில், கேட்டவுடன் கைக்கு வருவது வெறும் சட்டகம்தான். அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் உலாவியில் (பிரவுசரில்) ஓடிய பிறகே எண்கள் வேறிடத்திலிருந்து வந்து நிரம்புகின்றன. மேட்டூரில் மதகைத் தூக்கிய அன்றே கடைமடை வாய்க்காலில் குடத்தை வைத்தால் என்ன கிடைக்கும்? என் நிரல் அதைத்தான் செய்திருந்தது.

ஆகவே உலாவியையே இயக்கும் கருவி தேவைப்பட்டது. 2004இல் தொடங்கிய செலினியம், 2020இல் வந்த பிளேரைட் போன்றவை இணையதளங்களைச் சோதித்துப் பார்க்கப் பிறந்தவை. இப்போது முகவர்களுக்குக் கையும் கண்ணுமாக ஆகியிருக்கின்றன. திரையே இல்லாமல் உலாவி பின்னணியில் திறக்கும், பொத்தானை அழுத்தும், எழுத்தைப் படிக்கும். "ஐந்து விநாடி காத்திரு" என்று கட்டளை எழுதிவைப்பது பலருடைய பழக்கம். இணைப்பு மந்தமான நாளில் அது போதாது. "வெளியேற்றம் என்ற சொல்லும் அதற்கு நேரே எண்ணும் தோன்றும்வரை காத்திரு" என்று மாற்றினேன். அன்றிலிருந்து காலிக் குடம் வருவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்காக, உலாவி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் உருவரை வைத்திருக்கிறது: இது தலைப்பு, இது பொத்தான், இது தேதிப் பெட்டி என்று. இதை அணுகல் மரம் என்பார்கள். புதிய கருவிகள் பலவும் இந்த மரத்தை எடுத்து, ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண் கொடுத்து முகவரிடம் நீட்டுகின்றன. "7ஆம் எண்ணை அழுத்து" என்கிறது முகவர். அழுத்தியதும் பக்கம் மாறிவிடும், பழைய எண்கள் செல்லாது. மறுபடி மரத்தை எடுக்க வேண்டும். பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் படத்தை மட்டும் ஒட்டிய பக்கத்தில் பார்வையற்றவரும் தடுமாறுகிறார், முகவரும் தடுமாறுகிறது. அவர்கள் பல காலமாகச் சொல்லிவந்த குறை இது. இயந்திரம் தடுமாறிய பிறகுதான் நம்மில் பலருக்குக் காதில் விழுகிறது.

அப்படியும் ஒரு நாள் மானம் போயிற்று. அட்டவணையைக் கோடுகள் இல்லாத வெறும் எழுத்தாகச் சுரண்டி எடுத்திருந்தேன். நீர்வரத்தும் வெளியேற்றமும் ஒட்டிக்கொண்டு வர, முகவர் வரத்தை எடுத்து வெளியேற்றம் என்று சொல்லிவிட்டது. அப்பா அதை டீக்கடையில் சொல்லி, நாளிதழ் வைத்திருந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்போது நெடுவரிசையின் பெயர், தேதி, எண் மூன்றையும் சேர்த்தே எடுக்கிறேன்.

தமிழுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் கிடக்கும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று இருப்பதை எடுத்துப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி! முதலில் எழுத்துருவை மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் முகவரிடம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, பக்கத்துக்குள் யாராவது "இதைப் படிக்கும் முகவரே, இந்தக் கோப்பை அனுப்பு" என்று கண்ணுக்குத் தெரியாமல் எழுதிவைக்க முடியும். அதைச் செய்தியாகப் படிக்கலாம், உத்தரவாக எடுக்கக் கூடாது. என் முகவருக்கு வாசிக்க மட்டுமே அனுமதி. அதுவும் தினம் ஒரு முறை. அடுத்தவர் கணினியை நிமிடத்துக்கு நிமிடம் தட்டி எழுப்புவது மரியாதை இல்லை.

பக்கத்தில் நேற்றைய தேதியே கிடந்தால், "இன்று இன்னும் புதுப்பிக்கவில்லை" என்று மட்டும் அது அப்பாவுக்குச் செய்தி அனுப்புகிறது. சென்ற வாரம் இரண்டு நாள் அப்படித்தான் வந்தது. அப்பா படித்துவிட்டு, "இது பரவாயில்லை, உன்னைப்போல் அடித்துவிடவில்லை" என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார்.

வணக்கம்.