எலிசபெத்தின் வீடு எங்கே இருக்கிறது?

(மும்பை சயான் கோலிவாடாவில் தமிழ்ச் சபைகள் சேர்ந்து நடத்திய குடும்பக் கூடுகையில், பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆயர் ஐயா, மூப்பர்களே, அக்கா தங்கச்சிமாரே, பின்னால் கதவோரமாக நிற்கிற வாலிபப் பிள்ளைகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நோட்டீஸில் "குடும்ப வாழ்வின் பரிசுத்தம்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் போனில் கேட்டது கருக்கலைப்பைப் பற்றிப் பேசச் சொல்லி. நோட்டீஸில் அதை அச்சடிக்கக் கூச்சம் போல. சரி, நான் கூச்சப்படாமல் பேசுகிறேன், உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் நான் சொல்லப்போவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். வயிற்றில் இருக்கிற உயிர் தேவனுடையது என்று நான் நம்புகிறேன். "என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்" என்று 139-ஆம் சங்கீதத்தில் படிக்கிறோம். உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே அறிந்தேன் என்று எரேமியாவிடம் கர்த்தர் சொல்கிறார். அதே சமயம், கருவைக் கலைக்காதே என்று நேரடியாக ஒரு கட்டளை வேதாகமத்தில் எங்கேயும் இல்லை, இருக்கிற மாதிரி மேடையில் அடித்துப் பேசுகிறவர்கள் யாத்திராகமம் 21-ஐ நிதானமாக வாசிக்க வேண்டும். அங்கே இரண்டு பேர் சண்டையில் கர்ப்பிணிக்கு அடிபட்டு கர்ப்பம் விழுந்தால் என்ன தண்டனை என்பதைப் பற்றி வேத அறிஞர்களே இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஆதிச் சபைக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. டிடாக்கே என்று சொல்கிற, அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட சின்னப் போதனை நூலில், கருவைக் கலைக்காதே, பிறந்த பிள்ளையையும் கொல்லாதே என்று தெளிவாகவே இருக்கிறது. ரோமர்கள் வேண்டாத பிள்ளையை, முக்கியமாகப் பெண் பிள்ளையையும் ஊனமான பிள்ளையையும், வெளியே போட்டுவிட்டுப் போவார்கள். கிறிஸ்தவர்கள் அப்படிச் செய்ய மறுத்தார்கள், போட்டுவிட்டுப் போனதைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்க்கவும் செய்தார்கள். நம்மிடம் இன்றைக்கு முதல் பாதிக்கான பிரசங்கம் நிறைய இருக்கிறது, இரண்டாவது பாதியைத்தான் காணோம்.

நான் சொல்ல வந்ததை நேராகவே சொல்கிறேன். நம்முடைய பெண்களில் சிலர் சபையை மீறிக் கருவைக் கலைக்கவில்லை. சபைக்குப் பயந்துதான் கலைக்கிறார்கள்.

வார்டில் இருந்தபோது, கழுத்தில் சின்னச் சிலுவையோடு வருகிற தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் யாரோ ஒரு ஆண் போய் "கிட்" என்று கேட்டு வாங்கி வந்து கொடுத்திருப்பான். அட்டையில் ஐந்து மாத்திரை, மிஃபெப்ரிஸ்டோன் ஒன்று, மிசோப்ரோஸ்டால் நாலு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது, ஒன்பது வாரத்துக்குள், டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளோ நாள் கணக்கே தெரியாமல், பத்தோ பன்னிரண்டோ வாரம் தாண்டிய பிறகு, வரிசை வீடுகளான சாலில் எல்லாரும் தூங்கினபின் பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைத்து விழுங்கியிருக்கும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலையே செய்யாது, குழாய் வெடித்தால் உயிர் போகும். அரைகுறையாகக் கலைந்து ரத்தம் நிற்காமல் வருவதும் உண்டு. கையில் ட்ரிப் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை கேட்கிற முதல் கேள்வி "நான் பிழைச்சிருவேனா" என்பது இல்லை. "அக்கா, எங்க சபையில யாருக்கும் தெரியாதுல்ல?" என்பதுதான்.

இது ஏதோ நம் தாராவியிலும் கோலிவாடாவிலும் மட்டும் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2015-இல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்திருக்கும் என்று 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்கு, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை போட்டு நடந்தவை.

அந்தப் பிள்ளை ஏன் சபைக்குப் பயப்படுகிறாள்? கல்யாணத்துக்கு முன் கர்ப்பம் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவள் பார்த்திருக்கிறாள். கல்யாண அறிவிப்பான ஓலையைச் சபையில் வாசிக்க மாட்டார்கள், இல்லை வாசித்தாலும் வாசிக்கிற குரலே வேறு மாதிரி இருக்கும். சில சபைகளில் ஆராதனை நடுவே எழுப்பி நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பார்கள், நற்கருணை கிடையாது என்பார்கள், அதுவும் பெண்ணுக்குத்தான். பையன் அதே வாரம் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பான். அவளுடைய அப்பா கமிட்டி எலெக்‌ஷனில் நிற்க முடியாது. தங்கச்சிக்கு ஊரில் மாப்பிள்ளை அமையாது. செய்தி மும்பையில் கிளம்பி ஊர்ப்பக்கம் இருக்கிற நாசரேத்துக்கும் சாயர்புரத்துக்கும் போய்ச் சேர ஒரு வாட்ஸ்அப் போதும். இத்தனையும் ஒரு பக்கம், மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய் ஒரு பக்கம். இருபது வயசுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும், நீங்களே சொல்லுங்கள். அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் மேடையில் ஏறி, உலகம் கெட்டுப்போச்சு, கருக்கலைப்பு பெருகிப்போச்சு என்று பிரசங்கம் பண்ணுவோம்.

நாசரேத் என்றதும் இன்னொரு நாசரேத் ஞாபகம் வருகிறது. டிசம்பர் மாதம் முழுக்க நாம் லூக்கா முதல் அதிகாரத்தை வாசிக்கிறோம். காபிரியேல் தூதன் வருகிறான், மரியாள் பாடுகிறாள், பாட்டுக் குழு அதற்கு நாலு குரலில் பாட்டுப் பழகுகிறது. நடுவில் நடந்ததைச் சட்டென்று தாண்டிவிடுகிறோம். கல்யாணம் ஆகாத ஒரு சின்னப் பெண், நிச்சயம் மட்டும் ஆனவள், கர்ப்பமாக இருக்கிறாள். நியாயப்பிரமாணப்படி கல்லெறிந்து கொல்லலாம். யோசேப்பு நல்லவன்தான், அவனே அவளை இரகசியமாகத் தள்ளிவிட யோசிக்கிறான். மரியாள் என்ன செய்தாள்? தீவிரமாய் மலைநாட்டுக்குப் போனாள் என்று எழுதியிருக்கிறது, சொந்தக்கார அம்மா எலிசபெத்தின் வீட்டுக்கு. அந்த வயதான அம்மா வாசலில் நிறுத்தி, எத்தனை மாசம், யாரு பையன் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஸ்திரீகளுக்குள்ளே நீ ஆசீர்வதிக்கப்பட்டவள் என்றாள். மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். வயிற்றிலிருக்கிற பிள்ளை உயிர் என்பதற்கு நாம் எல்லாரும் காட்டுகிற வசனம், எலிசபெத்தின் வயிற்றில் யோவான் ஸ்நானகன் களிப்பாய்த் துள்ளின வசனம், அந்த வீட்டு வாசலில்தான் நடக்கிறது. கதவு திறந்ததால்தான் துள்ளல். நம் சபைக் குடும்பங்களில் அப்படி மூன்று மாதம் ஒரு பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ள, அக்கம்பக்கத்துக்கு "என் அக்கா பொண்ணு" என்று சொல்லிச் சமாளிக்க, எத்தனை வீடு தயாராக இருக்கிறது?

சிலர் இந்த இடத்தில், அம்மா, அப்படி ஏற்றுக்கொண்டால் மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போகுமே என்பார்கள். இத்தனை வருஷமாக நாம் ஏற்றுக்கொள்ளாமல்தானே இருந்தோம், எந்தப் பிள்ளை திருந்தியது? மறைக்கத்தான் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்று, கலைக்கிறவர்கள் எல்லாரும் வழிதவறிய வாலிபப் பெண்கள் என்று ஒரு நினைப்பு நமக்கு. வார்டில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கல்யாணமானவர்கள், ஒன்றிரண்டு பிள்ளைக்குத் தாய், பத்துக்குப் பத்து அறையில் மாமியார், கொழுந்தனோடு ஆறு பேர் படுக்கிற வீடு. குடும்பக் கட்டுப்பாடு என்றால் அவளுக்கு ஆபரேஷன் என்றுதான் அர்த்தம், அவருக்கு ஒன்றும் கிடையாது. ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான வாசக்டமி பெண்ணுடைய ஆபரேஷனைவிட எளிது, அரசு மருத்துவமனையில் இலவசம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், ஆனாலும் ஆண்கள் கூடுகையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிய ஆயரை நான் இதுவரை பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள் அண்ணன்மாரே, சீரியஸாகத்தான் சொல்கிறேன். கத்தோலிக்க சபை செயற்கைக் கருத்தடையை ஏற்காது, 1968-இல் போப் அதை மறுபடியும் உறுதிசெய்தார், அது அவர்கள் போதனை, அதை மதிக்கிறேன். நம்மில் மற்ற சபைக்காரர்களுக்கு அந்தத் தடையும் இல்லை, வெட்கம் மட்டும்தான் இருக்கிறது.

பெண் குழந்தை விஷயத்துக்கு வருகிறேன், இதில் மும்பைக்காரர்கள் தலை குனியவும் வேண்டும், கொஞ்சம் நிமிரவும் செய்யலாம். எண்பதுகளில் இந்த ஊரில்தான் வயிற்றில் இருப்பது பெண்ணா என்று பார்த்துச் சொல்கிற கிளினிக்குகள் பெருகின. அதற்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களும் மும்பையின் பெண்கள் இயக்கத்தார்தான். அவர்கள் போராடித்தான் 1988-இல் மகாராஷ்டிரத்தில் நாட்டிலேயே முதல் தடைச் சட்டம் வந்தது, 1994-இல் மத்தியச் சட்டம். அப்படியும் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைக்கு நாட்டில் 1991-இல் 945 பெண் பிள்ளை இருந்தது 2001-இல் 927 ஆகக் குறைந்தது. கிறிஸ்தவ வீடுகளில் இதெல்லாம் கிடையாது என்று சொல்லிக்கொள்வோம். வரதட்சணையை "மாப்பிள்ளைக்குச் செய்முறை" என்று பெயர் மாற்றி, ஆயர் ஜெபித்து ஆரம்பிக்கிற நிச்சயத்தில் எத்தனை பவுன் என்று பேசுகிற வரைக்கும், மூன்றாவதும் பெண் என்று கேட்டு அழுகிற தாயை நாம் குற்றம் சொல்ல முடியாது. இந்தப் பாவத்தின் விலைப்பட்டியலை எழுதினதே நாம்தான்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 1971 கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் சொல்கிறபடி, சட்டம் ஒப்புக்கொள்கிற காரணம் இருந்தால் 20 வாரம் வரை ஒரு டாக்டர் முடிவு செய்யலாம், 24 வாரம் வரை சில வகைப் பெண்களுக்கு இரண்டு டாக்டர், கருவில் கடுமையான குறை இருந்தால் அதற்கு மேலும் மருத்துவக் குழு. கல்யாணமாகாதவர்களுக்கும் அந்த 24 வாரம் உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையே இல்லை. அதே மாதிரி அவளுக்கு விருப்பமில்லாமல் மாமியாரும் கணவரும் கூட்டிப்போய்க் கலைத்தால் அது குற்றம். கர்ப்பமானது பதினெட்டு வயசுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அங்கே சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் இருக்கிறது, தெரிந்த யாரும் போலீஸில் சொல்லியாக வேண்டும். அதைச் செய்தது சபையில் பெரிய மனிதராக இருந்தாலும் சரி, ஆயராக இருந்தாலும் சரி, உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்று எந்தக் கமிட்டியும் நினைக்கக் கூடாது.

வன்கொடுமையில் கர்ப்பமான பெண், தாயின் உயிருக்கே ஆபத்தான கர்ப்பம், ஸ்கேனில் மூளையே வளராத பிள்ளை, இவர்களிடம் போய் வசனம் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சீக்கிரம் தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. ஆனால் டவுன் சிண்ட்ரோம் என்றதும் "வேண்டாம்" என்று டாக்டரும் சொந்தக்காரர்களும் சேர்ந்து அவசரப்படுத்தும்போது, அப்படிப் பிள்ளையை வளர்க்கிற ஒரு குடும்பத்தை அவர்களிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பேச வைக்கச் சபையால் முடியும். அதற்கு முதலில் அந்தக் குடும்பம் நிம்மதியாக ஆராதனைக்கு வர முடிய வேண்டும். பிள்ளை சத்தம் போட்டால் திரும்பிப் பார்த்து முறைக்கிறோமே.

ஏற்கெனவே கலைத்தவர்களைப் பற்றி. இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள், எனக்குத் தெரியும், இருபது வருஷத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். கத்தோலிக்கர்கள் நடுவில், முன்பு பல இடங்களில் பிஷப்பின் தனி அனுமதி இருந்தால்தான் குருவானவர் இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்க முடியும். போப் பிரான்சிஸ் 2016-இல் அந்த அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் கொடுத்துவிட்டார். யோவான் எட்டாம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் ஆண்டவர், "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் இனிப் பாவஞ்செய்யாதே என்றார். நாம் வரிசையை மாற்றிவிட்டோம். துக்கம் இருக்கிறவர்கள் அழுவதற்கும் ஜெபிப்பதற்கும் ஓர் இடம் வேண்டும், அதைச் சாட்சியாக மேடையில் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள்.

பிள்ளையைப் பெற்றுக் கொடுக்கத் தயாராக இருக்கிறவளுக்கும் வழி இருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் முன் எழுதிக் கொடுக்கலாம், மனசு மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு, பெயர் வெளியே வராது. தத்தெடுக்கிற பக்கம்? 1956-இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கானது, நாம் வெகுகாலம் கார்டியனாக மட்டும்தான் இருக்க முடிந்தது. சிறார் நீதிச் சட்டம் வந்தபின் எந்த மதத்தவரும் முறைப்படி தத்தெடுக்கலாம், இப்போது மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவில் ஆன்லைனிலேயே பதிவு. நம்மில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள், டோனாவூர்ப் பிள்ளைகள் இல்லத்தை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1901-இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியை ஆமி கார்மைக்கேல் அம்மா ஏற்றுக்கொண்டதில் தொடங்கிய வேலை அது. நாம் அதைப் பற்றி நாடகம் போடுகிறோம், பிள்ளையில்லாத தம்பதிக்கு மட்டும் இருபது வருஷமாகக் கர்ப்பத்தின் கனிக்காக உபவாச ஜெபம் வைக்கிறோம், தத்தெடுக்கலாமே என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

ஆயர் ஐயா மணியைப் பார்க்கிறார். இரண்டு விஷயம் கேட்டுவிட்டு உட்காருகிறேன். மகளிர் ஐக்கிய சங்கத்தில் வாய் இறுக்கமான இரண்டு பேரை, ஒருவராவது நர்ஸாகவோ டாக்டராகவோ இருந்தால் நல்லது, தேர்ந்தெடுத்து அவர்கள் போன் நம்பரைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டில் வேண்டாம், அங்கே நின்று யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அடுத்தது, சபை விருந்தான அசனப் பண்டிகைக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கை எடுத்து, பிரசவச் செலவு, ஒரு வருஷம் வாடகை, பால் பவுடர் என்று தனிக் கணக்கு வையுங்கள், வரவு செலவில் பெயர் எழுத வேண்டாம், தொகை மட்டும் போதும். பிள்ளையைப் பெற்றுக்கொள் என்று அவளிடம் சொல்கிற அன்றைக்குக் கையில் அது இருக்க வேண்டும்.

இப்போது கேள்வி நேரம். ஆண்கள் முதலில் கேளுங்கள்.