இரண்டு பக்கமும் இடி: நடிகர் பாலையா பற்றி நீடாமங்கலத்தில் பேசியது

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, கோயில் அறங்காவலர் பெருமக்களே, கல்யாண சீசனிலும் ஒரு சாயங்காலத்தை எங்களுக்காக ஒதுக்கி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாதஸ்வர, தவில் வித்வான்களே, பந்தல் போட்ட தம்பிகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை நம் ஊர் மூத்த தவில் வித்வானுக்குப் போர்த்தத் தலைவர் ஐயா அனுமதிக்க வேண்டும். நன்றி ஐயா.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். டி.எஸ். பாலையாவை நினைத்தாலே எனக்கு இந்தப் பழமொழிதான் வரும். குணச்சித்திர நடிகரின் பிழைப்பு அப்படி. கதாநாயகன் ஒரு பக்கம் அடிப்பார், நகைச்சுவை நடிகர் மறுபக்கம் அடிப்பார். இரண்டையும் வாங்கி நாதமாக்கித் தரவேண்டும்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். வில்லன் பாலையா, சிரிக்கவைத்த பாலையா, அப்புறம் அந்தக் குரல்.

தென்பாண்டிச் சீமைக்காரர். 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதியில் எம்.ஜி.ஆரும் கலைவாணரும் அறிமுகமானார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதே படத்தில் அறிமுகமானவர்தான் பாலையாவும். வில்லனாகத் தொடங்கி, 1964இல் காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் கதை சொல்லச் சொல்லப் பயந்து நடுங்கும் அப்பாவாக வந்து நின்றார். அந்தக் காட்சியில் பேசுவதெல்லாம் நாகேஷ். நாம் பார்ப்பது பாலையாவின் முகத்தை. அடுத்த வருஷம் திருவிளையாடலில் ஹேமநாத பாகவதர். பாடியது பாலமுரளிகிருஷ்ணா, ஆனால் அந்தக் கர்வம் முழுக்கப் பாலையாவுடையது.

இனி 1968க்கு வருகிறேன். தில்லானா மோகனாம்பாள். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதை, ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். சிக்கலும் திருவாரூரும் வருகிற, நம் மண்ணின் கதை. அதில் தவில்காரர் முத்துராக்கு, பாலையா.

படம் நம் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயசு. என் தாய்மாமா தவில்காரர். சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப்போனார். தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் என்னை வைத்தார். அன்றைக்குக் காலையில் கல்யாணத்தில் வாசித்த கை, விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றி, காயவைத்துப் போடுவார்களே கூடு, அது அழுத்திய தடம். காயம்பட்ட நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரம் தேறி வந்து வாசிக்க, நாட்டியக்காரி மோகனா ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கும் இடம் வந்தது. என் முதுகில் ஏதோ தட்டுகிறது. திரும்பிப் பார்த்தால் மாமாவின் விரல்கள். அவர் கண்ணில் தண்ணீர்.

ரீல் மாற்றும்போது பக்கத்திலிருந்தவர் கேட்டார், “ஏண்ணே, பாலையா நெசமாவே தவில்காரரா?” மாமா சொன்னார், “கையைப் பாக்காதே தம்பி, கண்ணைப் பாரு. நாயனத்தைக் காதால கேக்குறவன் கண்ணு அது. கேக்கத் தெரிஞ்சவன்தான் தவில்காரன்.” அந்தப் படத்தை ஒன்பது ராத்திரி பார்த்தார். அத்தை வீட்டில் போட்ட சத்தம் ஒரு பக்கம், முதலாளி நாயனக்காரர் திட்டியது மறுபக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

கேட்கத் தெரிந்தவர் என்று மாமா சொன்னாரே, பாலையாவின் நடிப்பே அதுதான். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டு, அந்த நொடியில் பதில் தருவார். தவிலும் அப்படித்தான். பலாக் கட்டையில் வலந்தலை என்கிற வலப்பக்கத்தை விரலும் தொப்பி என்கிற இடப்பக்கத்தைப் பூவரசங்கழியும் பேசவைக்கலாம், ஆனால் காது நாயனத்தின் மேல் இருக்கவேண்டும்.

குரலைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசவேண்டும். இன்று அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிற இந்த ஊர், தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர். இந்த வட்டாரத்திலேயே ஒரு கோயிலில் போன வாரம் சாயரட்சை என்கிற மாலைப் பூஜைக்குப் போனேன். சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் சுற்றியது, கம்பி முரசை அடித்தது, மணியை அடித்தது. தீபாராதனை முடிந்தும் அது நிற்கவில்லை. அதற்குக் காது இல்லை ஐயா! கற்பூரம் அணைந்தது அதற்குத் தெரியாது. வாசலில் என் மாமாவின் பேரன், திருவையாறு இசைக் கல்லூரியில் தவில் படித்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் இப்போது மத்தளம்தான். படிப்பு ஒரு பக்கம் இடிக்கிறது, பிழைப்பு மறுபக்கம் இடிக்கிறது.

அறங்காவலர் பெருமக்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். ஆறு காலப் பூஜைக்கும் வேண்டாம். சாயரட்சைக்கு மட்டுமாவது ஒரு நாயனம், ஒரு தவில். மாதச் சம்பளத்துக்கு ஊரில் வசூல் செய்து தர நாங்கள் பொறுப்பு.

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து என் மாமாவுடையது. விரல் மடங்காமல் நெடுநேரம் எடுத்துப் போட்டார். அதற்குக் கீழே இடம் நிறைய இருக்கிறது. வரிசையாக வாருங்கள்.