கடுகளவு மாங்கனீசு

(மலேசியாவின் கெடா மாநிலம், பீடோங்கில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் டத்தோ அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, மண்டபத்தை இலவசமாகத் தந்த கோயில் தலைவர் அவர்களே, பின்கட்டில் மீ கோரெங் பொட்டலம் கட்டும் தாய்மார்களே, வணக்கம். டத்தோவுக்கு இதற்கடுத்து ஒரு கல்யாணம் இருக்கிறதாம். ஆனாலும் நான் பேசி முடிக்கும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

நிறம், மருத்துவம், நம் பிள்ளைகள். இந்த மூன்றைப் பற்றிப் பேச வந்தேன்.

மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் குறைக்கடத்தியை நானோ அளவுப் படிகமாக்கினால், பருமன் மாற மாற அது உமிழும் ஒளியின் நிறமும் மாறும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் அந்தப் படிகங்களுக்காகத்தான் பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பருமனைத் தொடாமலே நிறத்தை மாற்றவும் வழி உண்டு: வேறோர் உலோகத்தைத் துளி சேர்ப்பது. துத்தநாக சல்பைடு நானோ படிகம் புற ஊதா விளக்கடியில் மங்கலான நீலமாகத் தெரியும். 100 துத்தநாக அணுக்களில் ஒன்றிரண்டின் இடத்தில் மாங்கனீசு போய் உட்காரட்டும், பளிச்சென்று ஆரஞ்சு! அலைநீளம் ஏறக்குறைய 590 நானோமீட்டர். ஒளியை வாங்குவது படிகம். அந்த ஆற்றலை மாங்கனீசிடம் ஒப்படைத்துவிடும். மாங்கனீசு தன் நிறத்தில் வெளியே விடும். அதனால் படிகம் பெருத்தாலும் சிறுத்தாலும் ஆரஞ்சு அவ்வளவாக மாறாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!

சரி, நிறையச் சேர்த்தால்?

எங்கள் ரப்பர் எஸ்டேட் ஸ்டோரில் ரப்பர் பால் உறைய ஃபார்மிக் ஆசிட் கலப்பார்கள். தீபாவளிக்கு முதல் நாள், புதிதாக வந்த அண்ணன் ஒருவருக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆசை. பாட்டிலில் இருந்ததைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். தகடு செருகுவதற்குள் தொட்டி முழுக்க ஒரே கட்டி. மேற்பார்வை மண்டோர் வந்தார், கணக்குக் கிராணி வந்தார், கடைசியில் துரையே வந்துவிட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மேன், தொட்டியிலே மெத்தை செஞ்சிருக்கே?" என்று தமிழிலேயே கேட்டாராம். பண்டிகை இரவு முழுக்க அதை வாளால் அறுத்து எடுத்தார்கள். அந்த அண்ணனுக்குச் சாகும்வரை 'மெத்தை' என்றுதான் பெயர்.

மாங்கனீசுக்கும் அதே கதிதான். அளவு மீறினால் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஆற்றலைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டு, வெப்பமாகத் தொலைத்துவிடும். வெளிச்சம் மங்கிப்போகும்.

மருத்துவம் என்றேன். இந்தப் படிகத்தை உடல் திசுவில் அடையாளமாக வைத்தால், திசுவின் சொந்த மினுக்கம் சட்டென்று அணைந்துவிடும், மாங்கனீசின் ஒளி மில்லி விநாடிகள் நீடிக்கும். அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். மேலே சொல்லலாம்தான், ஆனால் டத்தோ கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பிள்ளைகளுக்கு வருகிறேன். இதே கெடாவில், 1996இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் எல்.இ.டி. சில்லுகள் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் அங்கே லாரி ஓட்டப் போகிறார்கள், வாசலில் காவலுக்கு நிற்கிறார்கள். தப்பில்லை, என் தம்பியும் ஓட்டுநர்தான். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய, இடைநிலைப் பள்ளியின் நான்காம் படிவத்திலேயே இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் எடுத்திருக்க வேண்டும். "கஷ்டம்மா, வேற பாடம் எடு" என்று முதலில் சொல்வது யார்? நாம்தான்! நம் தமிழ்ப்பள்ளி சின்னப் பள்ளி என்பவர்களுக்கும் சொல்கிறேன், கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது.

இதே மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் இரவு எட்டு மணிக்கு இலவச அறிவியல் வகுப்பு நடக்கப்போகிறது. பெயர் எழுதும் நோட்டு மீ பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் கையெழுத்து, அப்புறம் சாப்பாடு.