நடுவழியில் இருப்பவர்களின் சாட்சி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். குன்னூரிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிவது சுவர் இல்லை, மூடுபனி. அதற்குள் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது, நம்புங்கள். காலையில் இரண்டு காட்டெருமைகளும் இருந்தன. இப்போது எங்கே என்று தெரியவில்லை, அதனால் படி இறங்காமல் இங்கேயே உட்கார்ந்து பேசுகிறேன்.

வழக்கமாகச் சமையலும் காய்கறித் தோட்டமும் காட்டுவேன். இன்று வேறு பேச்சு. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன என்பதும், ஊட்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறோம் என்பதும் பழையவர்களுக்குத் தெரியும். "அக்கா, இவ்வளவு காலமாக எப்படித் தாங்குகிறீர்கள்? உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

சாட்சி. அதில்தான் எனக்கு ஒரு சங்கடம். சபையில் சாட்சி நேரம் வந்தால் யார் எழுந்திருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வியாதி இருந்தது, ஜெபித்தார்கள், சுகமாகிவிட்டது. கடன் இருந்தது, உபவாசம் இருந்தார்கள், அடைந்துவிட்டது. முடிந்த கதைக்குத்தான் மைக். நான் எழுந்து, "ஸ்தோத்திரம், அடுத்த வாரமும் மூன்று நாள் டயாலிசிஸ் இருக்கிறது" என்று சொல்லி உட்கார்ந்தால் அல்லேலூயா சொல்வதா, அனுதாபப்படுவதா என்று சபைக்கே தெரியாது. நடுவழியில் நிற்பவர்களுக்கு அந்த நேரத்தில் இடமில்லை. ஆகவே இந்த வீடியோவை முடிவு தெரியாத சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகம் கிடைத்த செய்தி கடைசியில் வரும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே வேறு வீடியோவுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்துவிடுகிறார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பச்சைத் தேயிலை மூட்டைகளை லாரியில் ஏற்றி ஓட்டிய கைக்கு இது பெரிய தண்டனை. அந்த வழியாக இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்திகரித்துத் திரும்ப உடலுக்குள் விடுகிறார்கள். ஒரு முறைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். இது சிறுநீரகத்தைக் குணப்படுத்தாது, அது செய்யவேண்டிய வேலையில் ஒரு பகுதியைச் செய்து தரும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போக வேண்டும்.

இடைப்பட்ட நாட்களில் தண்ணீர் அளவு. மோர், குழம்பு, தேநீர் எல்லாம் அதே கணக்கில் சேரும். இந்தக் குளிரில் வியர்வையும் வராது, குடித்தது அப்படியே உடம்பில் தங்கிவிடும். தேயிலை விளையும் ஊரில் ஒரு மனிதர் அரை டம்ளர் தேநீரை மணிக்கணக்கில் வைத்துக் குடிப்பதைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். காய்கறியிலும் பொட்டாசியம் கணக்கு. நீலகிரி என்றால் உருளைக்கிழங்கும் கேரட்டும்தானே? அதிலும் உருளைக்கிழங்குதான் முதல் எதிரி. தோல் சீவி, சிறிதாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சுவையும் பாதி அதோடு போய்விடும். உப்பும் இல்லை. சமையல் வீடியோ போடும் என்னுடைய வீட்டில் இதுதான் சமையல்.

சரி, விசுவாசம். இந்த வியாதி வந்த புதிதில் வீட்டுக்கு வந்தவர்கள் நிறைய வசனம் சொன்னார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அவற்றில் ஒன்றும் இல்லை, 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு, யேசபேல் ராணி கொல்லுவேன் என்று சொன்னதும் தீர்க்கதரிசி எலியா ஓடுகிறார். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சொல்லிச் சாகக் கேட்கிறார். அவருக்குத் தேவன் என்ன பதில் கொடுத்தார்? பிரசங்கம் செய்யவில்லை. "உன் விசுவாசம் எங்கே போயிற்று" என்று கேட்கவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பும்போது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் முறை எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று தூதன் சொல்கிறான்.

வெகுதூரம். அதைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு சொல் இல்லை பாருங்கள். யேசபேல் இருக்கிறாள், வனாந்தரம் இருக்கிறது, தூரமும் அப்படியே இருக்கிறது. கொடுக்கப்பட்டது அடையும் தண்ணீரும் தூக்கமும்தான். அந்தப் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனார் என்று அடுத்த வசனம் சொல்கிறது. இதை வாசித்த பிறகு என் ஜெபம் மாறியது. "எப்போது முடியும்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பொய். கேட்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், "இன்றைக்கு உரியதைத் தாரும்" என்று கேட்கிறேன். கர்த்தருடைய ஜெபத்திலும் நாம் அதைத்தானே சொல்கிறோம்? இஸ்ரவேலருக்கு மன்னாவையும் அன்றன்றைக்குத்தான் கொடுத்தார். மறுநாளைக்கு எடுத்து வைத்ததில் புழு வைத்தது.

இந்த இடத்தில் ஒரு கோபத்தையும் கொட்டிவிடுகிறேன். "உங்களிடம் இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்தால் எப்போதோ சுகமாகியிருக்கும்" என்று நோயாளியின் கட்டிலருகில் நின்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் மாத்திரைகளை நிறுத்திவிட்டு ஜெபிக்கச் சொன்னார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தது, முள் எடுக்கப்பட்டதாக எழுதவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? மருந்து சாப்பிடுவதற்கும் ஜெபத்துக்கும் சண்டை மூட்டிவிடாதீர்கள். டயாலிசிஸை ஒரு தடவை தவறவிட்டால்கூட மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம்.

என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, இருந்திருந்தால் அந்த ஆளிடம் இன்னும் நன்றாகப் பேசியிருப்பார். அவர் சிலோனிலிருந்து வந்தவர், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கையில் ஒருவர் என் அப்பாயி. காகிதம் வருவதற்கே வருடங்கள் ஆயின. தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து இந்த மலை. இப்படி வந்தவர்களுக்காகத்தான் அரசு 1968இல் இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. பிறகு அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயிற்று. அங்கே வரிசையாகக் கட்டிய லயன் வீடு, இங்கேயும் லயன் வீடு. அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, 121ஆம் சங்கீதம் மனப்பாடம். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று தினமும் சொல்வார். சொல்லிவிட்டு, "பர்வதத்திலிருந்து ஒத்தாசை வந்ததோ இல்லையோ, அட்டை தவறாமல் வந்தது" என்று காலைக் காட்டிச் சிரிப்பார். அட்டை கடித்த தழும்புகள். விசுவாசமுள்ளவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் என் அப்பாயியைப் பார்த்ததில்லை.

கொஞ்சம் பொறுங்கள்... ரயில் சத்தம் கேட்டதா? என் வீட்டுக்காரருக்கு அந்த ரயில் என்றால் உயிர். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் என்ற யோசனை 1854இல் எழுந்ததாம். வேலை தொடங்கியது 1891இல், குன்னூர் வரை வந்தது 1899இல், ஊட்டியை எட்டியது 1908இல். இவர் எனக்கு ஒருநாள் ஒன்று சொன்னார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறும்போது என்ஜின் முன்னால் இருக்காது. கீழ்ப்பக்கத்தில் இருந்து தள்ளிக்கொண்டு வரும். முதல் பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதையும் பனியும்தான் தெரியும். "நாம் அந்த முதல் பெட்டியில் இருக்கிறோம்" என்றார். டயாலிசிஸ் முடிந்து, சோர்ந்துபோய், பேருந்தில் எல்லநள்ளி வளைவில் தலையைச் சாய்த்துக்கொண்டே சொன்னார். பிரசங்கியார் சொல்லியிருந்தால் நான் கொட்டாவி விட்டிருப்பேன்.

இப்போது கடினமான பகுதி. என் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தேன், பரிசோதனையில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை அது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெறும் அரசுத் திட்டம் 2008இல் தொடங்கியது. அந்தக் காத்திருப்புப் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறது. எந்த நேரத்திலும் தொலைபேசி வரலாம்.

அந்த அழைப்பு வரவேண்டும் என்று எப்படி ஜெபிப்பீர்கள்? நன்றாக யோசித்துப் பாருங்கள். அது வந்தால் எங்கோ ஒரு வீட்டில் காலையில் பைக் எடுத்துக்கொண்டு போன பிள்ளை திரும்பவில்லை என்று அர்த்தம். என் விண்ணப்பத்துக்குப் பதில் கிடைக்கும் அதே இரவில் இன்னொரு தாய் அதே தேவனிடம், "என் மகனை எழுப்பித் தாரும்" என்று கதறிக்கொண்டிருப்பாள். சீக்கிரம் அழைப்பு வரட்டும் என்று முழங்காலில் நின்று சொல்ல என் நாக்கு எழவில்லை. போதகரிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் தெரியவில்லை அம்மா" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்ததே அன்றைக்குத்தான்.

இப்போது நான் செய்வது இது. முகம் தெரியாத அந்தக் குடும்பத்துக்காக முன்கூட்டியே ஜெபிக்கிறேன். அவர்கள் பிள்ளை பத்திரமாக வீடு திரும்பட்டும் என்றும் கேட்கிறேன், ஆம், அது எங்களுக்கு எதிரான ஜெபம்தான். 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறார்கள். செய்தியில் அதைக் காட்டும்போது இவர் எழுந்து நின்றுவிடுவார். இந்த ஜெபம் தொடங்கிய பிறகு காத்திருப்பதில் இருந்த கசப்பு குறைந்தது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

யோவான் 5ஆம் அதிகாரத்தில் முப்பத்தெட்டு வருஷம் வியாதியாயிருந்த மனிதனைப் பற்றி எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அங்கே ஒரு கேள்வி. அத்தனை வருஷமும் அவனுக்குச் சாப்பாடு போட்டது யார்? வேதத்தில் பெயர் இல்லை. யாரோ போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இயேசு வரும்போது அவன் உயிரோடு இருந்திருக்க மாட்டான். எலியாவுக்கும் அதற்கு முன்பு அப்பம் கொண்டுவந்தவை காகங்கள், பிறகு சாறிபாத்தில் புறஜாதி விதவை ஒருத்தி. எங்களுக்கும் அப்படித்தான். நாங்கள் இறங்கும்வரை காத்திருந்து, காத்திருந்த காசு வாங்காத ஆட்டோக்காரர் தொழுகைக்குப் போகிறவர். உப்பில்லாத களி செய்து கொடுத்தனுப்பும் படுகர் அக்கா எங்கள் சபையில்லை. ஊசி குத்தும்போது இவரிடம் தேயிலை விலையைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கும் செவிலியரின் மதம் எனக்குத் தெரியாது. விலை விழுந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் இவருக்கு ஊசி குத்தியதே தெரியாது, அவ்வளவு ஆத்திரம்!

தேவனிடம் கோபப்படலாமா என்று சிலர் கேட்டீர்கள். 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, ஒரு துதிகூட இல்லை. அதையும் வேதத்தில் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்? உங்கள் வீட்டிலும் முடியாத போராட்டம் இருந்தால் அந்த இரண்டையும் சத்தமாக வாசியுங்கள்.

கடைசியாக, எங்களைப் பார்க்க வர விரும்புகிறவர்களுக்கு. தாராளமாக வாருங்கள். இளநீர், ஆரஞ்சு, வாழைப்பழம் மூன்றும் வேண்டாம், எல்லாம் பொட்டாசியம். முட்டை வாங்கி வரலாம், வெள்ளைக்கரு அவருக்கு நல்லது. வசனம் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள், அதற்குள் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்துவிடுவேன்.