‘தொடரும்’ என்ற இடத்தில் நிறுத்தாதீர்கள்

அவையோருக்கு வணக்கம்.

வெகுஜன நாவல் என்று பேச்செடுத்தால் இரண்டு புலம்பல்கள் தவறாமல் வரும். “இப்ப யார் சார் படிக்கிறாங்க?” என்பது ஒன்று. “படிச்சாலும் குப்பையைத்தானே படிக்கிறாங்க” என்பது மற்றொன்று. இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைப்போம். ஒரு கதை எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளியில் நம் கைக்கு வந்தது என்று பார்ப்போம். கதையின் குணத்தில் பாதி அங்கேதான் முடிவாகிறது என்பது என் கட்சி.

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் கல்கி வார இதழில் தொடங்கி 1954இல் முடிந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். மூன்றரை ஆண்டுக்குப் பகிர்ந்தால் சராசரியாக வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம் சொச்சம். ஏழு நாள் கழித்து வருகிற வாசகருக்குப் போன வாரம் பாதி மறந்திருக்கும். அதனால் நமக்கு முன்பே தெரிந்த செய்தியை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் மறுபடி சொல்லும். அன்று அது உபகாரம். ஐந்து பாகத்தையும் மொத்தமாக வாங்கிவந்து ஒரே மூச்சில் முப்பது அத்தியாயம் ஓட்டுகிறவருக்கு அதுவே இழுவை. 2022இல் படம் வந்த சூட்டில் புத்தகத்தை எடுத்தவர்கள் நடுவில் களைத்துப்போனால், குற்றம் கதையிலும் இல்லை, அவர்களிடமும் இல்லை. வேகம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நாளைக்கு மூன்று அத்தியாயம் போதும். மூன்று மாதம் சொச்சத்தில் முடிந்துவிடும். அத்தியாய முடிவில் மட்டும் நிறுத்தாதீர்கள். தூண்டில் இருப்பதே அங்கேதான், மூட மனம் வராது. அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் போய், முடிச்சு சற்றுத் தளர்ந்த இடத்தில் மூடுங்கள். மறுநாள் எடுக்கும்போது எங்கே விட்டோம் என்ற குழப்பமும் இருக்காது.

தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தவர்களுக்கு இந்த வேகம் தானாகவே வாய்த்தது. அதிலும் சங்கடங்கள் உண்டு. இதழின் நடுவிலுள்ள கம்பிப் பின்னை மெல்ல நிமிர்த்தாமல் தாளை இழுத்தால் உள் ஓரம் கிழியும். பைண்டர் பக்கவாட்டில் தைக்கும்போது அரை அங்குலம் விழுங்கிவிடுவார், வரியின் முதல் எழுத்துகள் மறையும். பின்னை எடுக்காமல் தைத்தால் துருவேறித் தாளைத் தின்னும். ஒரே தாளின் முன்பக்கம் ஒரு தொடரும் பின்பக்கம் வேறொரு தொடரும் இருந்தால், எதைச் சேர்ப்பது என்று வீட்டில் பஞ்சாயத்துதான். இத்தனைக்கும் நடுவே மணியம் வரைந்த படங்கள் அந்தத் தொகுப்புகளில் கதைக்குப் பக்கத்திலேயே நிற்கும். படமில்லாத மலிவுப் பதிப்புகளில் படிப்பவர் இழப்பது கொஞ்சமல்ல.

மாத நாவலின் கணக்கு வேறு. ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கிற பக்கங்களின் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்றால் ஆறு ஃபாரத்துக்குத் தொண்ணூற்றாறு. கதை நூற்று மூன்றாம் பக்கத்தில் முடிகிறேன் என்றால் அச்சகம் கேட்காது. துப்பறியும் நாவல்களின் கடைசி நாலு பக்கத்தில் இன்ஸ்பெக்டர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் விளக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் கேலி செய்கிறவர்கள், முதல் எண்பது பக்கத்தை நகர்த்துவதிலுள்ள கைத்திறனைக் கவனிப்பதில்லை. ராஜேஷ்குமார் இரண்டு தனித்தனித் தடங்களை மாறி மாறி ஓட்டி ஒரு புள்ளியில் சேர்ப்பார். பேருந்தில் படிப்பவர் டிக்கெட் எடுக்கத் தலையைத் தூக்கினாலும் இழை அறாது.

கைபேசிக்கு வருவோம். எழுத்தைச் சற்றுப் பெரிதாக வைத்தால் ஒரு திரையில் நூறு சொல்கூட நிற்காது. முழுப் பக்கப் பத்தி அங்கே சுவர்போல நிற்கும். ஆகவே ஒருவரிப் பத்திகளும் உரையாடலும் பெருகின. அது சோம்பல் இல்லை, இடத்துக்கேற்ற வெட்டு. என் குறை வேறு. இணையத்தில் தொடர் எழுதுகிறவர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாசகர் பின்னூட்டம் பார்த்து, வில்லனைத் திடீரென்று நல்லவனாக்கிவிடுகிறார்கள். கல்கிக்கும் வாசகர் கேள்விகள் வந்தன. இன்னார் பிறகு என்ன ஆனார் என்பதற்கெல்லாம் முடிவுரையில் பதில் சொன்னார். கதையை முடித்த பிறகுதான் சொன்னார்.

ஒலிநூலைப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் அச்சுக்கு எழுதியதை அப்படியே வாசித்தால் மூன்று இடத்தில் இடறும். காட்சி மாறுவதைக் காட்டும் நட்சத்திரக் குறி காதில் விழாது. அங்கே இரண்டு விநாடி மௌனம் வேண்டும், அல்லது இடத்தின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். ‘என்றான்’, ‘என்றாள்’ இல்லாத நீண்ட உரையாடலில் யார் பேசுகிறார் என்பது நாலாவது வரியில் தொலைந்துபோகும். பதிவுக்கு முன் அவற்றைப் பிரதியில் திரும்பச் சேர்த்துவிடலாம். ரமாவும் ரம்யாவும் ஒரே வீட்டில் இருந்தால் மட்டும் வாசிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. எழுதும்போதே ஒருத்திக்குப் பெயரை மாற்றிவிடுங்கள்.