மறக்கும், ஆனா பொய் சொல்லாது

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஞாயித்துக்கிழம காலைல பசியாறக்கூட இல்லாம ஓடி வந்து இந்த மண்டபத்துல உக்காந்திருக்கற பினாங்கு மக்களுக்கும் வணக்கம். அன்றாடம் நடந்தத பத்தின நம்ம ஞாபகத்த நம்பலாமா நம்பக்கூடாதா, இதான் தலைப்பு. நான் நம்பலாம்னு பேச வந்திருக்கேன்.

மொதல்ல எதிரணி தலைவர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. சின்ன வயசுல தைப்பூசத்தன்னைக்கு தண்ணீர்மலைல அம்மா கைய விட்டுட்டு காணாம போனேன், ஒரு சீன அங்கிள் தூக்கி தோள்ல வச்சுக்கிட்டு தண்ணிப்பந்தல்ல கொண்டாந்து விட்டாரு, ரோஸ் கலர் சிராப் குடுத்தாங்கன்னு அஞ்சு நிமிஷம் சொன்னீங்க, எங்க அணியே உருகிப்போச்சு. அடுத்த நிமிஷமே மனுஷன் ஞாபகத்த நம்பவே முடியாதுன்னுட்டீங்க. அப்ப அந்த சிராப்ப என்னா செய்றது அண்ணே?

சரி, அண்ணன் எடுத்து வச்ச ஆராய்ச்சிக்கு வரேன். 1995ல லாஃப்டஸும் பிக்ரலும்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க சேந்து, நீ சின்னப்புள்ளையா இருக்கறப்ப ஷாப்பிங் மால்ல காணாம போனேன்னு நடக்காத ஒன்ன சொல்லி நம்ப வச்சாங்கன்னாரு. உண்மைதான். ஆனா எத்தன பேர்ல எத்தன பேரு? அத சொல்லல பாருங்க. 24 பேர்ல 6 பேரு. மிச்சம் 18 பேரு, சொந்தக்காரங்களே சொன்னதா காட்டியும் நம்பல லா! 1974ல லாஃப்டஸும் பாமரும் காடி, அதான் காரு, மோதுற படம் காட்டிட்டு "நொறுங்குற மாதிரி மோதுனப்ப" எவ்ளோ வேகம்னு 50 பேர்கிட்ட கேட்டாங்க, ஒரு வாரம் கழிச்சு கண்ணாடி உடைஞ்சிருந்துச்சான்னா 16 பேரு ஆமான்னாங்க, படத்துல கண்ணாடியே உடையல. அண்ணன் அதோட நிறுத்திட்டாரு. 34 பேரு இல்லன்னு சொன்னத யாரு சொல்றது, நான்தான் சொல்லணும்.

அப்பறம் அமெரிக்காவோட சேலஞ்சர் விண்கலம். 1986ல அது வெடிச்ச மறுநாளே, சேதிய எங்க எப்படி கேட்டேன்னு மாணவர்கள எழுதச் சொன்னாரு நைசர்ங்கற ஆராய்ச்சியாளரு, ரெண்டரை வருஷம் கழிச்சு திரும்ப கேட்டப்ப 44 பேர்ல 11 பேரு மொத்தமா தப்பு. பெரிய அடிதான், மறுக்கல. ஆனா விண்கலம் வெடிக்கறது உங்க வீட்டு அன்றாடமா ஐயா? உலகமே திரும்பத் திரும்ப டிவில பாத்து, ஊரெல்லாம் பேசிப் பேசி ஒன்னோட ஒன்னு கலந்துபோன சேதி அது. நம்ம பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தைல, நேத்து என்னா வாங்குனோம்ங்கறத யாரும் டிவில போட்டு கொழப்ப மாட்டாங்க.

என் அப்பா ஆயர் ஈத்தாம்ல மளிகக்கட வச்சிருந்தாரு. இங்க இருக்கற பெரியவங்களுக்கு 555 புக்குன்னா தெரியும், கடன் கணக்கு எழுதுற சின்ன நோட்டு, வீட்டுக்கு ஒன்னு. மாசக்கடைசில ஒரு அத்தை வந்து கணக்கு பாக்கறாங்க. மில்லோ பவுடர், பால்ல கலக்கி குடிக்கறது, டின் 1ன்னு இருக்கு. நான் வாங்கவே இல்ல, அன்னைக்கு செவ்வாக்கிழம, வீட்ல கரண்ட் இல்ல, மெழுகுவத்தியும் நெருப்புப்பெட்டியும் நெத்திலியும்தான் வாங்குனேன்னு ஒரே சண்டை. அப்பாவுக்கு கோவம், எழுதுனது பொய்யாகுமா, நீங்க சொல்றது பொய்யாகுமான்னு கேட்டாரு. பாத்தா கரண்ட் போனது வியாழக்கிழம. அத்தை கிழமைய தப்பா சொன்னாங்க. ஆனா பக்கத்து வீட்டு புக்க எடுத்துப் பாத்தா அன்னைக்கு மெழுகுவத்தி, நெருப்புப்பெட்டி, நெத்திலி மூனும் அதுல ஏறியிருக்கு, அப்பா ரெண்டு புக்கையும் மாத்தி எழுதிட்டாரு. சாமான்ல ஒன்னுகூட அத்தை தப்பா சொல்லல. புக்குதான் தப்பு.

இதத்தான் 2020ல டொரொண்டோவுல டயமண்ட், லெவின்னு ஞாபகத்த ஆராய்ச்சி செய்ற குழு சொன்னாங்க. என்னா நடந்துச்சுன்னு சரிபாக்கக்கூடிய நெஜ அனுபவத்த ஆளுங்களுக்குக் குடுத்து, நாள் கழிச்சும் வருஷம் கழிச்சும் தானா சொல்லவிட்டாங்க, இழுத்து இழுத்து கேள்வி கேக்கல. நெறையா மறந்து போயிருந்தாங்க, வயசானவங்க இன்னும் கொஞ்சமாத்தான் சொன்னாங்க. ஆனா சொன்ன விவரத்துல 93லேர்ந்து 95 சதவீதம் சரி! ஞாபகத்த ஆராய்ச்சி செய்றவங்ககிட்டயே எவ்ளோ சரியா இருக்கும்னு கேட்டதுக்கு இதவிட ரொம்ப கம்மியாத்தான் சொன்னாங்களாம். மறந்துபோறது வேற, தப்பா நெனைக்கறது வேற. எதிரணி ரெண்டையும் ஒரே தட்டுல போட்டு கொழச்சு பரிமாறுறாங்க.

கிழம தப்பாப் போனதுக்கும் பதில் இருக்கு. ஹாலந்து மனோதத்துவக்காரரு வாகெனார், ஆறு வருஷமா தனக்கு நடந்தத தானே குறிச்சு வச்சு, சுமாரா 2,400 சம்பவம், அப்பறம் தன்னையே சோதிச்சு 1986ல எழுதுனாரு. "என்ன நடந்துச்சு"ன்னு குறிப்பு குடுத்தா வருது, "எப்ப"ன்னு தேதிய மட்டும் குடுத்தா ஒன்னுமே வரல. சுத்தமா மறந்துட்டேன்னு நெனச்ச 10 சம்பவத்துக்கு, அங்க கூட இருந்தவங்கள போய் கேட்டாரு, அவங்க ஒரு விவரம் எடுத்துக்குடுத்ததும் பத்துமே ஞாபகம் வந்துச்சு. அவங்க சொன்னத கேட்டு நம்பியிருக்கலாமேன்னு எதிரணி தங்கச்சி தலைய ஆட்டுது, நியாயந்தான்மா, ஆனா இத கேளு.

அந்த மில்லோவுக்கு காசு யாரு குடுக்கறது? அப்பா பக்கத்து வீட்டு மாமாகிட்ட போறாரு. மாமா சத்தியமா ஞாபகம் இல்லங்கறாரு. கரண்ட் போச்சே, அன்னைக்கு, டார்ச் அடிச்சுக்கிட்டு கடைக்கு வந்தீங்களேன்னு அப்பா சொன்னதும், "அட ஆமா, பெரிய பையனுக்கு காய்ச்சல், அதுக்குத்தான் வாங்குனேன். ஒன்னு இல்லையே, ரெண்டு டின்னு"ன்னாரு. புக்குல 1தான் இருக்கு! அப்பா கேட்டதும் ஒன்னுக்குத்தான், ரெண்டுன்னு யாரும் எடுத்துக்குடுக்கல. அத்தை போய் பாத்தா ரெண்டு காலி டின்னும் மாமா வீட்டு அடுப்படில இருக்கு, ஒன்னுல மொளகா, ஒன்னுல புளி.

அப்பா ரெண்டு டின்னுக்கும் காசு வாங்கிக்கிட்டாரு. நன்றி நடுவர் ஐயா.